மீனை எங்கே வெட்டுகிறோம்

மீனில் ரசாயனம் பார்க்கிற வேலை என்று சொன்னால் எல்லாரும் கருவியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், முடிவில் பாதி வெட்டும் பலகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

சிங்கப்பூரின் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதிதான். 2019 முதல் உணவுப் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்வது சிங்கப்பூர் உணவு அமைப்பு. நான் வேலை செய்வது தனியார் ஆய்வுக்கூடத்தில். திலாப்பியா, கெளுத்தி, ரோகு, விரால் என்று இறக்குமதியாளர்கள் அனுப்பும் நன்னீர் மீன்கள் எங்களிடம் வரும்.

பாதரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசி, சிறுமீன், அதைத் தின்னும் விரால் என்று படிக்குப் படி அளவு கூடுகிறது. அது தசைப் புரதத்தில் ஒட்டிக்கொள்வதால் தோலை உரித்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. மலக்கைட் கிரீன் வேறு மாதிரி. மீனுக்கு வரும் பூஞ்சையைப் போக்க சில பண்ணைகளில் போடும் சாயம் அது. உணவு மீனில் இங்கே அனுமதி இல்லை. மீனின் உடம்புக்குள் போனதும் நிறமிழந்து, லூக்கோ மலக்கைட் கிரீனாகிக் கொழுப்பில் நெடுநாள் தங்கிவிடும். சாயத்தை மட்டும் தேடுகிறவர் கண்ணில் அது படாமல் போகலாம். கொழுப்பு குறைந்த முதுகுச் சதையை மட்டும் நறுக்கி எடுத்தாலும் அளவு குறைவாகத் தெரியும்.

"ஒரு பக்கச் சதையை முழுசா எடுங்க தம்பி, அப்புறம் அரைங்க" என்று எங்கள் மூத்த அக்கா புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். உறைந்த மீன் உருகும்போது வடிகிற நீரையும் கொட்டிவிடாமல் சேர்த்து அரைக்கச் சொல்வார். காரணம் இருக்கிறது. மீன் சதையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். பாதரச வரம்போ ஈர எடைக்கு, அதாவது அந்தத் தண்ணீரோடு சேர்ந்த எடைக்குச் சொல்லப்படுவது. உலர்த்திய தூளில் கண்ட எண்ணை அப்படியே எழுதினால் நாலைந்து மடங்கு கூடிவிடும். நல்ல மீன் திரும்பிப் போகும். அதனால் அறிக்கையில் நான் முதலில் தேடுவது எந்த எடைக்கு என்பதைத்தான். ஒவ்வொரு தொகுதியோடும் பாதரச அளவு ஏற்கெனவே தெரிந்த மீன் தூளையும் கருவியில் வைத்துச் சோதிக்கிறோம். அதன் எண் சரியாக வராவிட்டால் மற்ற எண்களை நம்புவதற்கில்லை.

அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு விரால் சூப் கொடுப்பது இங்கே பல வீடுகளில் பழக்கம். "கொடுக்கலாமா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கொடுங்கள், பெரிய மீனைத் தவிர்த்துச் சின்னதாக வாங்குங்கள் என்கிறேன். வயதான வேட்டை மீனில்தான் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெதில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வரை போகும்.

மீன் பெரிதா சிறிதா என்பது இவ்வளவு முக்கியம். ஆனாலும் அதன் எடைக்கும் நீளத்துக்கும் எங்களுக்கு வரும் பல படிவங்களில் இடமே இல்லை. வெட்டுவதற்கு முன் நாங்களே அளந்து எழுதிக்கொள்கிறோம். எந்தப் பண்ணை, எந்தக் குளம் என்பதையும் அனுப்புகிறவர்கள் எழுதினால், அடுத்த முறை அங்கிருந்து வரும் மீனில் எதைத் தேடுவது என்று எங்களுக்குத் தெரியும்.