லீச்சின் கண்ணாடி

பேருந்தில் பக்கத்து சீட் பையனின் கைபேசியில் 2019 லீட்ஸ் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. முதல் இன்னிங்ஸில் 67க்குச் சுருண்ட இங்கிலாந்து 359ஐத் துரத்திய ஆட்டம். நானும் எட்டிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு அதில் பிடித்தது இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் அடித்த சிக்ஸர்கள் அல்ல. எதிர்முனையில் ஜாக் லீச் நின்று நிதானமாகக் கண்ணாடியைத் துடைப்பார் பாருங்கள், அதுதான்.

கடைசி விக்கெட்டுக்கு இருவரும் 76 ரன் சேர்த்து ஜெயித்தார்கள். அதில் லீச் அடித்தது 1.

"சார், ஆல்ரவுண்டர்னா ஸ்டோக்ஸ்தானே நம்பர் ஒன்?" என்றான் பையன். பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் செய்பவர்களில் என்று அர்த்தம்.

இல்லை தம்பி.

மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸின் பேட்டிங் சராசரி 57.78. தென்னாப்பிரிக்காவின் காலிஸிடம் 13,289 ரன், கூடவே 292 விக்கெட். பாகிஸ்தானின் இம்ரான் கானின் பந்துவீச்சு சராசரி 22.81, இது குறையக் குறைய நல்லது. ஸ்டோக்ஸ் பேட்டிங் சராசரியில் 35ஐ ஒட்டியே நிற்கிறார்.

டெஸ்டில் 7,000 ரன், 200 விக்கெட் இரண்டையும் தொட்டதில் சோபர்ஸ், காலிஸுக்கு அடுத்தவர் இவர். சரி, இங்கிலாந்து நிறைய டெஸ்ட் ஆடுவதற்கும் அதில் பங்கு உண்டு.

என் கணக்கில் இங்கிலாந்தின் பழைய ஆல்ரவுண்டர் போத்தம் பக்கத்தில் இவரை உட்கார வைப்பேன். அதுவே பெரிய இடம்.

ஆனால் 2019 உலகக்கோப்பை இறுதியில் 84 நாட் அவுட், 2022 டி20 இறுதியில் 52 நாட் அவுட். எந்த நாளில் அடித்தார் என்பதைச் சராசரி சொல்லாது.

அணி எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு காலிஸ்தான். நாலாவது இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் போய்விட்டால் மட்டும் ஸ்டோக்ஸைக் கூப்பிடுங்கள்.