வயசுதானுங்களா டீச்சர் தாண்டுது?

"உசரமானவந்தானுங்க டீச்சர் தூரமாத் தாண்டுவான்." ஏழாங்கிளாஸ் மொத்தமும் இதில் ஒரே கட்சி. எனக்குச் சந்தேகம். சரி, அளந்து பார்த்துடலாம் கண்ணுங்களா என்றேன்.

காங்கயம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி எங்களுடையது. பாதி வீடுகளில் அம்மாவோ அக்காவோ திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் தேங்காய்க் களத்து வேலைக்கு. அதனால் டெய்லர் டேப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கொன்று கொண்டுவந்துவிட்டார்கள். இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால், பழைய டேப் சிலது இழுபட்டு நீண்டு கிடந்தது. அதையெல்லாம் ஒதுக்கினோம். என்னைக் கேட்டால் அன்றைய பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

உயரம் எடுப்பது சுலபம்: செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரில் ஒட்டி, தலைமேல் நோட்டை மட்டமாக வைத்துக் கோடு. கால் நீளத்தில்தான் சண்டை. "கால் எங்கீங்க டீச்சர் ஆரம்பிக்குது? பாவாடை கட்டற எடமா?" பாவாடை ஆளுக்கு ஒரு இடத்தில் நிற்கும். கடைசியில் இடுப்புப் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து தரை வரை என்று முடிவானது. எடையை மட்டும் நான் எடுக்க விடவில்லை. ஒருதரம் சத்தமாகப் படித்தால் போதும், அந்தப் பிள்ளைக்கு வருசம் பூரா பட்டப்பேர்தான்.

தாண்டுவதற்கு மைதானத்து ஓரத்தில் மண்ணைக் கொத்திவிட்டோம். ஓடிவரக் கூடாது, நின்ற இடத்திலிருந்து. கோட்டுக்கு எந்தத் தடம் கிட்டக்க இருக்கிறதோ அதுவரைதான் கணக்கு. பின்னால் சாய்ந்து கையூன்றினால் கைத்தடம்தான். இதற்கும் கொஞ்சம் அழுகை இருந்தது.

ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் சேர்த்து கிராஃப் தாளில் புள்ளி வைத்தோம். புள்ளிகள் மேலே ஏறின. "பாத்தீங்களா டீச்சர்!" என்று ஒரே கூச்சல். பிறகு வகுப்புக்கு ஒரு நிறம் என்று ஸ்கெட்ச் பேனாவால் தீட்டச் சொன்னேன். சத்தம் அடங்கியது. ஒரே நிறத்தை மட்டும் பார்த்தால் அந்த ஏற்றம் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. எட்டாங்கிளாஸ்காரர்கள் உயரமும் அதிகம், தாண்டுவதும் அதிகம். இரண்டையும் சேர்த்துத் தூக்கியது அவர்கள் வயது. கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்: "அப்ப வயசுதானுங்களா டீச்சர் தாண்டுது?" நான் புத்தகம் பூராத் தேடினாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏழாம் வகுப்பில் பெண்பிள்ளைகள்தான் உயரம். பையன்களுக்கு அது மானப்பிரச்சினை. பெண்களுக்கு வளர்த்தி ஏறத்தாழ இரண்டு வருசம் முன்னாலேயே வந்துவிடும், உங்க முறையும் வரும் என்று சமாதானம் சொன்னேன். வகுப்பில் அதிகத் தூரம் தாண்டிய பிள்ளையோ உயரத்தில் கடைசியிலிருந்து எண்ண வேண்டியவள். நாள்தோறும் கோகோ ஆடுகிறவள். தாண்டும்போது முழங்காலை நன்றாக மடக்கி, இரண்டு கையையும் பின்னாலிருந்து வீசுகிறாள். எல்லோரையும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருமுறை தாண்டச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோருக்கும் தூரம் குறைந்தது. கைக்கும் இதில் பங்கு உண்டு என்று எந்தப் பட்டியலிலும் நாங்கள் எழுதியிருக்கவில்லை.

ரே யூரி கதையும் சொன்னேன். நின்ற இடத்திலிருந்து தாண்டுவது 1900 முதல் 1912 வரை ஒலிம்பிக்கில் இருந்த போட்டி. சின்ன வயதில் போலியோ வந்த அந்த அமெரிக்கர் 1900, 1904, 1908 மூன்றிலும் அதில் தங்கம் வாங்கினார். 1904இல் தாண்டியது 3.47 மீட்டர். வராந்தாவில் அதை அளந்து சாக்பீஸ் கோடு போட்டதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஆள் ஆறடிக்கு மேல் என்றும் மறைக்காமல் சொன்னேன். உயரக் கட்சிக்காரர்கள் உடனே உயிர்பெற்றுவிட்டார்கள்! ஒரே ஆளை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா என்று கோகோக்காரி திருப்பிக் கேட்டாள்.

விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்க பி.இ.டி. சார் எங்கள் நோட்டைக் கேட்டார். தாண்டிய தூரம் இருக்கும் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன். உயரம் வேண்டுமென்றால் அவரே டேப்போடு வரட்டும்.