மான்செஸ்டர் மழையும் 90 ஓவர்களும்

இங்கிலாந்தில் ஐந்து நாள் ஆடும் டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும் கோடை மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. மான்செஸ்டரில் காலை 11 மணிக்கு முதல் பந்து வீசும்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் ஊரான காவேரிப்பட்டணத்தில் மாலை மூன்றரை. அப்பா தோப்பு வேலையை முடித்துக் கை கால் கழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தம்பி ஓசூரில் காலை ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டே செல்போனில் பார்ப்பான். நான் மான்செஸ்டரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி இல்லாத நாளென்றால் நானும் பார்ப்பேன். டியூட்டி இருந்தால் இடைவேளையில் தம்பியின் குரல் செய்திகளைக் கேட்டு நிலவரம் தெரிந்துகொள்வேன். எங்களுக்குள் சண்டை விக்கெட்டைப் பற்றி வருவது குறைவு. மழையையும் ஓவர் ரேட்டையும், அதாவது ஓவர்களை எவ்வளவு வேகமாக வீசி முடிக்கிறார்கள் என்பதையும் பற்றித்தான் வரும்.

"இந்தத் தூறலுக்கா ஆட்டத்தை நிறுத்துறாங்க? நாங்கன்னா தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஆடியிருப்போம்க்கா" என்பான் தம்பி. அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் ஆடிப் பழகியது வற்றிய ஏரியில், டென்னிஸ் பந்தில். எங்கள் பக்கம் மழை வராதா என்றுதான் ஏங்குவோம். மழைக்காக ஆட்டத்தை நிறுத்திவிட்டு அலுத்துக்கொள்வது அவனுக்குப் புரியாத காரியம். வந்த புதிதில் எனக்கும் புரியவில்லை.

மான்செஸ்டரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் 800 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பெய்யும் விதம்தான் வேறு. நம் ஊரில் மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தால் ஒரு நாள் மொத்தமாகக் கொட்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்து, பேருந்து நிலையத்துப் பக்கம் நின்ற வண்டிகளையெல்லாம் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு வீட்டுக்குப் போன் கிடைக்கும்வரை எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இங்கே அதே அளவு மழை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே இருக்கிறது. துவைத்த துணி வெளியில் காயாது. ஈரம் சுவரில் நிற்கும். முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டி, நனைந்த கோட்டோடு அறைக்குத் திரும்பும்போதெல்லாம் ஊருக்குப் போய்விடலாமா என்று தோன்றும்.

என்னை இங்கே தரிக்க வைத்ததில் கிரிக்கெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வார்டில் நோயாளிகளோடு என்ன பேசுவது என்று தெரியாமல், மருந்து, வலி, தூக்கம் என்ற மூன்று கேள்விகளோடு நின்றுவிடுவேன். ஒரு முதியவர் ரேடியோவில் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை விக்கெட் என்று கேட்டேன். அவ்வளவுதான், பேச்சு நிற்கவே இல்லை. 1956-இல் இதே ஊரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 19 விக்கெட் எடுத்ததை அவர் சொன்னார். அந்த ஆட்டத்தின் நடுவிலும் மழை புகுந்தது. ஈரம் குடித்த பிட்ச் வெயிலில் காயக் காயப் பந்து திரும்பியது. பிட்சைத் திறந்தே போட்ட காலம் அது. 1890-இலும் 1938-இலும் இங்கே ஒரு பந்துகூட வீசாமல் டெஸ்டையே கைவிட்டார்கள் என்றும் சொன்னார். சொந்த ஊரின் மழையை அவர் அலுப்போடு சொல்லவில்லை, உறவுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அடுத்த கோடையில் டெஸ்ட் பார்க்கப் போகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

போனது, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரில், 2023 நான்காவது டெஸ்டின் ஐந்தாம் நாள். இங்கிலாந்து 592 அடித்திருந்தது. 275 ரன் பின்தங்கி இரண்டாவது இன்னிங்ஸைத் தொடங்கிய ஆஸ்திரேலியா 214-க்கு 5 விக்கெட் இழந்து நின்றது. மீதி ஐந்து விக்கெட்டும் விழுந்து இங்கிலாந்து ஜெயித்தால் தொடர் 2-2. நான்காம் நாளே மழை 30 ஓவர்தான் ஆடவிட்டது. அதிலும் வெளிச்சம் போதாது, வேகப்பந்து வீசக்கூடாது என்று அம்பயர்கள் சொல்லிவிட, ஜோ ரூட் சுழல் வீசி, சதமடித்து நின்ற லபுஷேனை எடுத்தார். ஐந்தாம் நாள் நான் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு டிராமில் போய் இறங்கி உட்கார்ந்தேன். ஒரு பந்துகூட வீசவில்லை. ஆட்டம் டிரா, ஆஷஸ் ஆஸ்திரேலியாவிடமே தங்கியது.

இருந்தாலும் அந்த நாளை நான் வீண் என்று சொல்லமாட்டேன். தூறலில் ஏன் ஆடமுடியாது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். தோல் பந்து ஈரம் பட்டால் ஊறிக் கனக்கும், விரலில் நிற்காது. ஓடிவந்து முன்காலை ஊன்றும் இடம் வழுக்கினால் வேகப்பந்து வீச்சாளரின் முழங்காலோ கணுக்காலோ போய்விடும். மழை நின்றாலும் கவரின் மேல் தேங்கிய தண்ணீரை எடுத்து, புல்லின் மேல் கயிறு இழுத்து, தண்ணீர் உறிஞ்சும் சூப்பர் சாப்பர் வண்டியை ஓட்டி முடிப்பதற்குள் அடுத்த தூறல் வந்துவிடும். பக்கத்து இருக்கையில் ஸ்கோர் புத்தகத்தோடு ஒரு தம்பதி இருந்தார்கள். எழுத ஒன்றுமில்லாத புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் புளிசாதத்தை ருசி பார்த்தார்கள், எனக்கு சாண்ட்விச் கொடுத்தார்கள். யாரும் கூச்சல் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று முதன்முதலாகத் தோன்றியது அங்கேதான்.

ஆனால் அதே டெஸ்டின் இன்னொரு கணக்கு அப்புறம் வெளியே வந்தது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியா குறித்த நேரத்துக்குள் வீசவேண்டியதில் 10 ஓவர் குறைவாக வீசியிருந்தது. இங்கிலாந்து 3 ஓவர் குறைவு. டெஸ்ட் அணிகளைப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தும் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் ஓர் ஓவருக்கு ஒரு புள்ளி வெட்டு. டிராவுக்குக் கிடைப்பதே 4 புள்ளிதான். தொடர் முழுவதையும் சேர்த்தால் இங்கிலாந்துக்கு 19 புள்ளி போனது, ஆஸ்திரேலியாவுக்கு 10. ஆளுக்கு 28 புள்ளி எடுத்த இரண்டு அணியும் 9 என்றும் 18 என்றும் வந்து நின்றன. எல்லாரும் மழையைத்தான் திட்டினார்கள்.

ஒரு நாளைக்கு 90 ஓவர், மணிக்கு 15. அதாவது ஓர் ஓவருக்கு நான்கு நிமிடம். விக்கெட் விழுந்தால், தண்ணீர் இடைவேளை வந்தால், ரிவ்யூ கேட்டால், அடிபட்டால் அதற்கெல்லாம் தனியாகக் கழிவு உண்டு. 90 முடியவில்லை என்றால் மாலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள். அதற்குள்ளும் முடியாவிட்டால் மீதி ஓவர்கள் போனதுதான், மறுநாள் திரும்பி வராது. மழையால் போன நேரத்தை மீட்க விதியில் வழி இருக்கிறது, அன்றைக்கே ஒரு மணி நேரம்வரை நீட்டலாம். ஆள் வேண்டுமென்றே மெதுவாக நடந்து தின்ற ஓவரை அந்த அரை மணிக்கு மேல் மீட்கத்தான் வழி இல்லை. டிக்கெட் வாங்கியவருக்கு நடக்கும் இந்த அநியாயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அப்பாவிடம் இதைச் சொன்னால் உடனே 1986-க்குப் போய்விடுவார். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு இரண்டு அணியின் ரன்னும் சமமாகி டை ஆன டெஸ்ட். கடைசி நாள் முழுவதும் தோப்பில் வானொலியோடு கிடந்தாராம். 348 இலக்கு. இந்தியா 347-இல் நிற்க, கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. இந்தியா ஆடியது 86.5 ஓவர், அன்றைக்கு இருந்ததே 87. "அன்னைக்கு அவனுங்க ரெண்டு ஓவர் தின்னிருந்தா டை ஏதும்மா?" என்று கேட்பார். அந்த நாளில் ஆஸ்திரேலியாவின் மேத்யூஸும் பிரைட்டும் சுழல் வீசி ஆளுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார்கள், அதனால் ஓவர் மளமளவென்று ஓடியது என்பதும் உண்மை. வேகப்பந்து வீச்சாளர்களையே நம்பும் அணிக்கு அதே அளவுகோலா என்று இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆசியாவில் சுழல் அதிகம், நேரம் மிச்சமாகும். இங்கே ஒவ்வொரு பந்துக்கும் வெகு தூரம் ஓடிவர வேண்டும். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓவருக்கு ஓவர் பேட்ஸ்மேன் கையுறை மாற்றுவதும், பீல்டிங்கை ஒவ்வொரு பந்துக்கும் மாற்றுவதும், கேட்காத தண்ணீர் ஓடிவருவதும் வேகப்பந்தின் கணக்கில் சேராது.

2025 லார்ட்ஸ் டெஸ்டின் மூன்றாம் நாள் மாலை இதற்குச் சரியான உதாரணம். ஆட்டம் முடிய இரண்டு ஓவர் வீசும் நேரம் இருந்தது. இங்கிலாந்தின் ஸாக் கிராலி பும்ரா ஓடிவரும்போது விலகுவதும், கையில் பட்டதும் பிசியோதெரபிஸ்டைக் கூப்பிடுவதுமாக இருக்க, ஓர் ஓவரோடு ஆட்டம் முடிந்தது. இந்தியக் கேப்டன் கில் கோபத்தில் கத்தியதை உலகமே பார்த்தது. தம்பி அன்று இரவு 11 மணிக்கு எனக்குப் போன் போட்டுக் கத்தினான். அந்த டெஸ்டில் இந்தியா 22 ரன்னில் தோற்றது. மெதுவாகப் பந்து வீசியதற்காக இங்கிலாந்துக்கு 2 புள்ளி வெட்டும் விழுந்தது. நம் அணியும் யோக்கியமில்லை என்று அவனிடம் சொன்னேன். 2021 டிரெண்ட் பிரிட்ஜில் 9 விக்கெட் கையில் இருக்க 157 ரன் எடுக்கவேண்டிய கடைசி நாளை மழை முழுசாகக் கொண்டுபோனதே, அதே டெஸ்டில் இரண்டு அணிக்கும் தலா 2 புள்ளி வெட்டினார்கள். அடுத்த ஆண்டு எட்ஜ்பாஸ்டனிலும் இந்தியாவுக்கு 2 போனது. நம் ஆள் செய்தால் தந்திரம், அவன் செய்தால் திருட்டு என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மழை வராது என்று நம்பி டிக்கெட்டுக்குப் பணம் போட்டு ஏமாந்தவன் தம்பிதான். 2024 அக்டோபர் 16, பெங்களூரு டெஸ்டின் முதல் நாள். விடியற்காலையில் கிளம்பிச் சின்னசாமி மைதானத்துக்குப் போனான். தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் சப்-ஏர் வசதி அங்கே தரைக்கடியில் இருக்கிறது, மழை விட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். மழை விட்டால்தானே! டாஸ்கூடப் போடவில்லை. மறுநாள் இந்தியா 46-க்கு ஆல் அவுட். ஒரு நாள் போயும் நியூசிலாந்து 8 விக்கெட்டில் ஜெயித்தது. அதற்கு முந்தைய கான்பூர் டெஸ்டில் முதல் நாள் 35 ஓவர், இரண்டாம் மூன்றாம் நாட்கள் பூஜ்யம். இருந்தும் இந்தியா 34.4 ஓவரில் 285 அடித்து டிக்ளேர் செய்து ஜெயித்தது. மழை ஆட்டத்தைக் கெடுக்கும் என்பது பாதி உண்மைதான். ஜெயிக்க மனமிருக்கும் அணிக்கு மழை வேகத்தைக் கற்றுக்கொடுக்கிறது.

லார்ட்ஸ் டெஸ்ட் நடந்த அதே 2025 தொடரில் மான்செஸ்டர் டெஸ்டின் ஐந்தாம் நாளுக்கு எனக்கு விடுப்பு கிடைத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் பூஜ்யத்துக்கு 2 விக்கெட் போன இந்தியா, கில், ராகுலுக்குப் பிறகு ஜடேஜாவையும் நம் வாஷிங்டன் சுந்தரையும் நம்பி நின்றது. 15 ஓவர் மீதி இருக்கும்போது இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ், டிராவாக முடித்துக்கொள்ளலாம் என்று கை கொடுக்க வந்தார். ஜடேஜா 89, சுந்தர் 80. இருவரும் மறுத்துவிட்டு ஆடினார்கள், இருவரும் சதமடித்தார்கள். சுந்தரின் முதல் டெஸ்ட் சதம். 1990-இல் டெண்டுல்கர் தன் முதல் சதத்தை அடித்து ஆட்டத்தைக் காப்பாற்றியதும் இதே மைதானத்தில்தான். நேரம் மிச்சமிருக்கும்போது கிளம்பலாம் என்று கூப்பிட்டதற்கு என் பக்கத்தில் இருந்த இங்கிலாந்து ரசிகர்கள் சிலரே முகம் சுளித்தார்கள். அடுத்த வாரம் ஓவலில் நான்காம் நாள் மாலை, இங்கிலாந்துக்கு 35 ரன், கையில் 4 விக்கெட் என்றிருக்கும்போது வெளிச்சமும் மழையும் ஆட்டத்தை நிறுத்தின. மறுநாள் காலை சிராஜ் புதுத்தெம்போடு வந்தார், 6 ரன்னில் ஜெயித்தோம். அந்த மழையை எங்கள் வீட்டில் யாரும் திட்டவில்லை.

இப்போது டெஸ்டிலும் ஸ்டாப் கிளாக் வந்திருக்கிறது. ஓர் ஓவர் முடிந்து 60 விநாடிக்குள் அடுத்ததைத் தொடங்கவேண்டும். இரண்டு எச்சரிக்கை, அதற்கு மேல் 5 ரன் அபராதம். தம்பிக்கு இது போதாது, ஓவருக்கு இரண்டு புள்ளியாக வெட்டு என்கிறான். எனக்குப் புள்ளியில் நம்பிக்கை இல்லை. அது தொடர் முடிந்தபின் ஏதோ ஒரு பட்டியலில் நடக்கும் கழித்தல், மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் ஒரு பந்தும் கிடைக்காது. அப்பா சொல்லும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது: 90 முடியும்வரை ஆட்டத்தை முடிக்காதே. ஜூலையில் மான்செஸ்டரில் சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஆறரைக்கு ஏன் ஸ்டம்பைப் பிடுங்கவேண்டும்? வீரர்கள் களைத்துப்போவார்கள், டிவிக்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று தம்பி மறுக்கிறான். களைப்புக்குப் பயந்தாவது வேகமாக வீசுவார்கள் என்கிறேன் நான். 12 மணி நேர ஷிப்டில் எனக்கு யாரும் நேரம் முடிந்தது என்று பாதியில் விட்ட ஊசியைக் கழிப்பதில்லை.