இரண்டு மணி நேரம் நின்ற சிங்கம்

தொழில்முறை மல்யுத்தத்தின் தொடக்ககால உலகச் சாம்பியன்களுள் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட்டைப் போல என்னை ஈர்த்தவர் வேறொருவர் இல்லை. இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் 1877-இல் பிறந்த அவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிராயெவ்ஸ்கி என்னும் மருத்துவரின் அரவணைப்பில் உடலைத் தேற்றி, 'ருஷ்யச் சிங்கம்' என்ற பட்டத்தோடு ஐரோப்பிய கோதாக்களில் இறங்கினார்.

அவருக்கு இருந்த சிக்கல் வேடிக்கையானது: எதிராளிகளை அளவுக்கு மீறிய வேகத்தில் வீழ்த்திவிடுவார். காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு அது போதவில்லை என்பதால், சற்று நேரம் போக்குக் காட்டிவிட்டுப் பிறகு மல்லாத்தும்படி லண்டனில் அவருடைய மேலாளர் காக்ரன் பழக்கினார். பிற்காலத்தில் மல்யுத்தம் முழுக்க முழுக்கக் காட்சியாகிப் போனதற்கான வித்து இங்கேயே விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 1904 ஜனவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் துருக்கிய மல்லர் அகமது மத்ராலியை எதிர்கொண்டபோது அந்தப் போக்குக்காட்டல் எதுவும் இல்லை. இடுப்பைச் சுற்றி வளைத்துத் தூக்கி எறிந்ததில் மத்ராலி தன் கையின்மீதே விழ, முழங்கை மூட்டு பிசகி, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அமெரிக்க மல்லர் டாம் ஜென்கின்ஸையும் வென்று உலகச் சாம்பியன் ஆனார்.

1908 ஏப்ரல் 3 அன்று சிகாகோவில் அயோவா விவசாயியின் மகன் ஃபிராங்க் காட்ச், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரைக் கீழே படுக்க விடாமல் நிற்கவைத்தே களைக்கச் செய்து வென்றார். காட்ச் உடம்பில் எண்ணெய் பூசியிருந்தார், கண்ணில் விரலை விட்டார் என்று ஹாக்கன்ஷ்மிட் பின்னாளில் புகார் கூறினார். ஆட்டம் முடிந்த கையோடு அவரே காட்சை வாயாரப் புகழ்ந்ததும் உண்டு என்பதால், அந்தப் புகாரை நான் பாதி மட்டுமே நம்புகிறேன். முழங்கால் காயத்தோடு 1911-இல் மீண்டும் மோதியபோது, ஹாக்கன்ஷ்மிட் அடுத்தடுத்து இருமுறை வீழ்ந்தார்.

அதன் பிறகு மல்லை விட்டுத் தத்துவ நூல்கள் எழுதத் தொடங்கினார். வென்ற காட்ச் நாற்பது வயதிலேயே 1917-இல் இறந்துபோக, தோற்றவர் 1968 வரை, தொண்ணூறு வயது வாழ்ந்தார்.