"போன் அடிக்கட்டா, தம்பி?"

திமிங்கிலம் கண்டால் மற்ற போட்டுகளுக்குச் சொல்லிவிட வேண்டும். திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் திமிங்கிலம் காட்டப் பயணிகளை ஏற்றிப் போகிற எங்களுக்குள் இது எழுதாத சட்டம். எண்ணெய் விற்கிற விலைக்கு ஒவ்வொரு போட்டும் தனித்தனியாகக் கடலை அலசினால் ஒருவருக்கும் கட்டாது. அதனால் அன்று எங்கள் ஓட்டி அண்ணன் "போன் அடிக்கட்டா, தம்பி?" என்று கேட்டது என்னிடம் அனுமதி கேட்டதல்ல, பழக்கத்தில் வந்த வார்த்தை. விரல் ஏற்கெனவே போனில் இருந்தது.

"இப்ப வேண்டாம் அண்ணன், கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

அவர் பொறுத்தார். போனைப் பற்றி நான் திரும்ப ஒன்றும் சொல்லவில்லை, அவரும் அடிக்கவில்லை. கரையேறிய பிறகுதான் தெரிந்தது, அன்று கடலுக்குப் போன மற்ற போட்டுகள் ஒன்றும் காணாமல் திரும்பியிருக்கின்றன. பயணிகள் சிலர் காசைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் போட்டில் ஒரு ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்குள் சத்தம் கேட்கிற மைக், உண்டு. ஆராய்ச்சிக்கு வந்த மாணவர் ஒருவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. இஞ்சினை நிறுத்தி, வயரை மெல்ல இறக்கி, போட்டின் விளிம்பில் உரசாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஹெட்போனைப் போட வேண்டும். முதலில் போட்டின் அடியில் அலை அடிக்கிற சத்தம்தான் கேட்கும். காது பழகியதும் அதற்குப் பின்னால் ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் 'டக், டக்' கேட்கத் தொடங்கும். செக்கனுக்கு ஒன்று இரண்டு என்று, நிறுத்தாமல். வெளிச்சமே இல்லாத ஆழத்தில் அவை கணவாய் தேடுவது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். எறிந்த சத்தம் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டுத்தான் இரை எங்கே என்று அவற்றுக்குத் தெரியும். திருகோணமலையில் துறைமுக வாயிலுக்குப் பக்கத்திலேயே கடலடி பள்ளத்தாக்காக இறங்குவதால், மற்ற ஊர்களில் நெடுந்தூரம் ஓடிப் பார்க்க வேண்டியதை நாங்கள் கரை தெரிகிற தூரத்தில் பார்க்கிறோம். 1980களில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்ததும் இந்தக் கடலில்தான்.

அதற்கு முந்திய ஒரு பயணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று வழக்கம்போல் போன் அடித்திருந்தோம். நான் ஹெட்போனோடு இருந்தேன். மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்தது. சுற்றிப் பார்த்தால் கடலில் ஒரு போட்டும் இல்லை. ஹெட்போனை அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "இது எங்கட மருமோன்ர போட். விசிறியில ஒரு இதழ் கல்லில அடிபட்டுக் கிடக்கு, ராவித் தாறன் எண்டு சொன்னனான், அவன் கேக்கேல்ல" என்றார். அப்புறம் நெடுநேரம் கழித்துத்தான் அந்தப் போட் கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய மருமகன்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். எல்லோரும் முழு வேகத்தில்.

தண்ணீருக்குள் வேகமாகச் சுழலும் இஞ்சின் விசிறியில் குமிழிகள் உண்டாகி உடையும். போட் சத்தத்தில் பெரும் பங்கு அந்தக் குமிழிகளுடையது. இதழ் நெளிந்திருந்தால் இன்னும் மோசம். தண்ணீருக்குள் சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். அந்தப் போட்டுகள் நெருங்க நெருங்க 'டக், டக்' தேய்ந்து, கடைசியில் ஹெட்போனில் ஒன்றும் இல்லாமல் போனது. திமிங்கிலம் தேடுவதை நிறுத்தியதா, தேடிக்கொண்டேதான் இருந்து எனக்குக் கேட்காமல் போனதா என்று சொல்ல முடியாது. ஆனால் அது அனுப்புகிற சத்தமே எனக்குக் கேட்கவில்லை என்றால், கணவாயில் பட்டுத் திரும்பி வருகிற அந்தச் சின்ன எதிரொலி அதற்கு எப்படிக் கேட்கும்?

போன் வேண்டாம் என்ற அன்று அதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். "உலகத்திலேயே பெரிய சத்தம் போடுறது அதுதானே எண்டு நீதானே ஆக்களுக்குச் சொல்லுறனீ" என்றார். எறிகிற சத்தம் பெரிசு அண்ணன், திரும்பி வாறது சிறிசு என்றேன். தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, விட்டுவிட்டாரா தெரியவில்லை. கொஞ்ச நேரம் போனதும் அவர் சொன்னதுதான் எனக்குள் இன்னும் கிடக்கிறது. "சண்டைக் காலத்தில குதிரைவலு கூடின இஞ்சின் வைச்சிருக்க விடேல்ல. கடலுக்குப் போக பாஸ் வேணும். அந்த நேரம் கடல் நல்ல அமைதிதான், தம்பி. எங்கட அடுப்பும்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. விலாவரியாகச் சொல்லவும் இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

பதில் இருக்கிறது என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். திமிங்கிலம் இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டால் எல்லோருடைய அடுப்பும்தான் அணையும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் கிடந்தவரிடம், இனி எப்போதோ வரப்போகிற நட்டத்தைக் காட்டி இன்றைய வருமானத்தை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. போதாததற்கு, அன்று போனது அவருடைய வருமானம் இல்லை. திமிங்கிலம் வால் தூக்குவதை எங்கள் பயணிகள் பார்த்தார்கள், ஹெட்போனில் கேட்டார்கள், சந்தோஷமாக டிப்ஸும் தந்தார்கள். நட்டப்பட்டது அவருடைய மருமகன்.

100 மீற்றருக்குக் கிட்டப் போகக் கூடாது என்ற விதியைத்தான் நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் தூரம் மட்டும் போதாது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்கு அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் குட்டியோடு ஓய்ந்து கிடந்த கூனல் திமிங்கிலங்களிடமிருந்து 100 மீற்றர் தள்ளிப் படகை நிறுத்தி, தண்ணீருக்குள் ஸ்பீக்கரில் இஞ்சின் சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மிகக் கூடிய சத்தத்துக்குத் தாய்த் திமிங்கிலம் ஓய்வெடுப்பது 30 வீதம் குறைந்தது, மூச்சு விடுவது இரண்டு மடங்கானது, நீந்தும் வேகம் 37 வீதம் கூடியது. குறைந்த சத்தத்துக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. விதியை மீறாமலே ஒரு தாயின் ஓய்வைக் கெடுக்கலாம் என்றால், விதியைக் காட்டி நான் யாரைக் கேட்பது?

அதே ஆய்வு என் முடிவுக்கு எதிராகவும் பேசுகிறது. குறைந்த சத்தம் அவற்றைக் குழப்பவில்லை என்றால், போட்டுகள் வரலாம், மெதுவாக வந்தால் சரி. ஒரே சத்தமுள்ள இரண்டு போட் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல்தான். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகக் குறைக்கலாம். அப்படியென்றால் நான் "அடிக்க வேண்டாம்" என்றதற்குப் பதிலாக "அடியுங்கோ, மெல்ல வரச் சொல்லுங்கோ" என்றிருக்கலாம். சொல்லியிருந்தால் மெல்ல வந்திருப்பார்களா? அதுவும் எனக்குத் தெரியும். திமிங்கிலம் மூச்செடுக்க மேலே நிற்பது பத்து நிமிடம் போல. இறங்கினால் முக்கால் மணி நேரமும் போகும். கச்சான் காற்று எழும்புவதற்கு முன் கரைக்குத் திரும்பவும் வேண்டும். இதை வைத்துக்கொண்டு எந்த ஓட்டி மெதுவாக வருவான்? அந்த இடத்தில் அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு எங்களுக்குப் போன் வருவது நின்றுவிட்டது. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. கடற்கரையில் கண்டால் சிரிக்கிறார்கள், போட் தள்ள வேண்டுமென்றால் கை கொடுக்கிறார்கள். போன் மட்டும் வருவதில்லை. முன்பெல்லாம் யாராவது ஒருவர் கண்டால் நேரே அங்கே போவோம். இப்போது நாங்களே தேடுகிறோம். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு நேரே வெளியே ஓடி, அங்கிருந்து வடக்கே ஓடி, திமிங்கிலம் மூச்சு ஊத்துவது தெரிகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பவும் ஓடி. அவ்வளவும் முழு வேகத்தில். ஓங்கில் (டொல்பின்) கூட்டத்தைக் கண்டாலும் நிற்காமல் போகிற நாட்கள் உண்டு. அன்று ஒரு திமிங்கிலக் கூட்டத்துக்கு மேல் நான் குறைத்த சத்தத்தை, நாங்கள் ஒரு போட்டாகவே கடல் முழுக்க இறைத்துக்கொண்டு திரிகிறோம்.

போன வாரம் அண்ணன், தானே முதலில் போன் அடிக்கட்டுமா என்று கேட்டார். அடியுங்கோ என்றேன். மருமகனுக்குத்தான் அடித்தார். "தூரத்தில வைச்சே இஞ்சின அடக்கு, இவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்றார். அவன் அடக்கினான். அவனுக்குப் பின்னால் வந்த இரண்டு போட் அடக்கவில்லை.