கண்ட்ரோல் புள்ளியும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டும்

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் நான் அதிகம் அழுத்தும் ஷார்ட்கட் கண்ட்ரோலும் புள்ளியும்தான். இம்போர்ட், அதாவது வேறு கோப்பிலிருக்கும் நிரலை உள்ளே இழுக்கும் வரி, விட்டுப்போய் சிவப்புக் கோடு விழுந்தால் அதை அழுத்துவேன், மஞ்சள் பல்பு மெனு விரியும், என்டர் தட்டினால் இம்போர்ட் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். போன செவ்வாய்க்கிழமை அழுத்தினேன். மெனு வரவில்லை. கர்சர் நின்ற இடத்தில், அடிக்கோடு போட்ட ஒரு சின்ன ஆங்கில 'இ' வந்து நின்றது.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் 'இ'. எஸ்கேப் தட்டினால் போய்விடுகிறது, அழுத்தினால் வந்துவிடுகிறது.

"என்னடா, ஒரே சாவியப் போட்டு டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருக்க?" என்றார் அம்மா, கிழங்கா மீன் ஆய்ந்துகொண்டே. எங்கள் வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், துறைமுகத்துக்குப் பக்கம். மீன் வாசனையும் வீட்டிலிருந்து வேலையும் ஒன்றாகவே நடக்கும்.

முதலில் எக்ஸ்டென்ஷன்கள் மேல்தான் சந்தேகம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திறந்தேன், மாற்றமில்லை. வெளிக் கீபோர்டைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பிலேயே அழுத்தினேன், அப்போதும் 'இ'தான். கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் எஸ் அடித்து ஷார்ட்கட் பட்டியலைப் பார்த்தால் அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இதிலேயே ஒரு மணி நேரம் போனது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. விஎஸ் கோடின் கட்டளைகளைத் தேடி ஓடவிடும் கமாண்ட் பேலட்டில் 'டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' என்று ஒன்று உண்டு. அதை ஓடவிட்டால், எந்தச் சாவி வந்தது, எந்தக் கட்டளைக்குப் போனது என்று ஒவ்வொன்றையும் எழுதிக் காட்டும். கண்ட்ரோல் எஸ் அழுத்தினேன், கோப்பைச் சேமிக்கும் கட்டளை என்று காட்டியது. புள்ளியை அழுத்தினேன். கண்ட்ரோல் வந்ததைக் காட்டியதே தவிர புள்ளியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதாவது, புள்ளி எடிட்டருக்கு வந்தே சேரவில்லை. வராத சாவிக்கு எடிட்டர் என்ன செய்யும்? என் லேப்டாப்பின் இயங்குதளமான உபுண்டுவில் சும்மா இருந்த டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து அதிலும் அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் அதே 'இ'!

புதுச்சேரியில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே, "மச்சி, தமிழ்ல டைப் பண்ண ஏதாச்சும் போட்டியா?" என்றான்.

போட்டிருந்தேன். இந்தப் பதிவுகளை அடிப்பதற்காக முந்தைய ஞாயிறுதான், உபுண்டுவில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த விசைப்பலகைமேல் எந்தக் குற்றமும் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் ஐபஸ், கண்ட்ரோல் புள்ளியை இமோஜி தேடுவதற்காகத் தனக்கென்று வைத்திருந்தது. அந்த 'இ' இமோஜிக்கான 'இ'. பழைய பதிப்புகளில் இதற்கு கண்ட்ரோல் ஷிஃப்ட் இ. விஎஸ் கோடில் கோப்புப் பட்டியலைத் திறப்பதும் அதே மூன்று சாவிகள்தான், அப்போதும் இதே சண்டை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் துழாவுவார்கள். மது பாட்டில் இருந்தால் அங்கேயே இறங்கிவிடும், மற்ற சாமான்கள் வீடு வந்து சேரும். என் புள்ளியும் அப்படித்தான் வழியிலேயே இறங்கியிருக்கிறது. நானோ வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன். பெயரிலேயே பஸ் இருக்கிறது, அப்போதாவது தோன்றியிருக்க வேண்டாமா?

சரி, தீர்வு இதுதான். டெர்மினலில் ஐபஸ்-செட்டப் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சின்ன சன்னல் திறக்கும். அதில் இமோஜி என்ற பக்கத்துக்குப் போய், இமோஜிக்கான ஷார்ட்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, உள்ளே இருப்பதை நீக்கிவிட வேண்டும். என்னுடையதில் கண்ட்ரோல் புள்ளியோடு கண்ட்ரோல் அரைப்புள்ளியும் இருந்தது. இரண்டையும் தூக்கினேன். தமிழ்99க்கு ஒன்றும் ஆகவில்லை, இதை அதில்தான் அடிக்கிறேன்.

இமோஜிக்கு வேறு சாவி எதுவும் வைக்கவில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் அம்மா போடுவதே போதும்.