போர்ட்டல் வாங்கும் முன்பு ஜாப் கார்டைப் புரட்டுங்கள்

முன்பு நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில், மூத்தவர்கள் ரிட்டையர் ஆகும்போது அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கூடவே போய்விடுகிறது என்று சொல்லி சர்வீஸ் பிரிவுக்கு வேலை அனுபவத்தைக் கம்ப்யூட்டரில் எழுதிச் சேர்த்து வைக்கும் ஒரு நாலெட்ஜ் போர்ட்டல் வாங்கினார்கள், ஆளுக்கு மாதம் இரண்டு குறிப்பு ஏற்ற வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். மூன்று மாதத்தில் அதில் கேட்லாக்கும் பழைய சர்க்குலரும் நிறைந்தன. புகார் குறையவில்லை.

எங்கள் பெரிய தலைவலி, ஒரே பழுதுக்கு இரண்டாம் முறை ஆள் போவது. பையன்களுக்கு வேலை தெரியவில்லை என்று மேலே முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு ரிப்பேருக்கும் பையன்கள் எழுதும் ஜாப் கார்டில் நாற்பதைப் புரட்டினேன். பாதிக்கு மேல், ஓரத்தில் பென்சிலால், 'சீல் ஸ்டாக் இல்லை, பழையதே போட்டது'. பம்பில் கசிவைத் தடுக்கும் அந்த சீல் தேய்ந்தது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது! ஸ்டோரில் இல்லை, வாங்க ஒப்புதல் வர இரண்டு வாரம். அந்த இடத்தில் அறிவுக்குக் குறைவே இல்லை, குறை கொள்முதலில்.

மீதிக் கார்டுகளில்தான் நிஜமாகவே தெரியாத சங்கதி இருந்தது. எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணன் ஓடுகிற மோட்டாரின் பேரிங் பக்கம் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அதை எழுதிக் கொடுங்கள் என்றால் அவர் என்ன எழுதுவார்? கூடவே இரண்டு பையன்களை ஒரு மாதம் அனுப்பினால் கொஞ்சமாவது ஒட்டும். ஆனால் எங்களுக்கோ ஒரு நாளைக்கு இத்தனை சர்வீஸ் கால் முடிக்க வேண்டும் என்று டார்கெட், ஒரே பம்புக்கு மூன்று பேர் போக யார் விடுவார்கள்?

ஜெராக்ஸ் கம்பெனி இதைச் சரியான முனையிலிருந்து தொடங்கியது. ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1980களில் அவர்களுடைய காப்பியர் டெக்னீஷியன்களோடே சுற்றினார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பிடும்போது கதையாகப் பேசிப் பேசியே கற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டார். அந்தக் குறிப்புகளைப் பகிரும் யுரேகா என்ற கணினி அமைப்பு அப்புறம்தான், 1990களில், வந்தது. அதில் ஒருவர் எழுதும் குறிப்பைச் சக டெக்னீஷியன்களே சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரும் கூடவே நிற்கும்.

அறிவு மேலாண்மைக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 30401 என்ற சர்வதேசத் தரநிலையும் நிறுவனத்தின் சூழலைப் புரிந்துகொள்வதை முதலில்தான் வைக்கிறது. இப்போது யாராவது என்னிடம் எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டால், கடைசியாகச் சொதப்பிய பத்து வேலைகளின் காகிதத்தை எடுத்து வரச் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் ஆளுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் செய்ய முடியவில்லையா, தெரிந்தவர் சொல்ல நேரமில்லையா என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுகிறோம்.